தாதர் என்னும் சொல்: பொருளும் பிறப்பும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருக்கடல்மல்லையை அடுத்த சிற்றூர் ஒன்றில், தலைமுறைகளாகக் கோயில் கைங்கர்யத்தில் இருந்துவந்த குடும்பத்தில் அடியேன் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் கற்றது சிறிது. பாட்டனாருடைய திண்ணையில் கற்றதே பெரிது. எட்டு வயதிருக்கும்போது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையன்று வாசலில் சங்கொலியும் சேகண்டி ஒலியும் கேட்டன. நெற்றி நிறையத் திருமண், கழுத்தில் துளஸிமணி, கையில் துளஸி சுற்றிய செம்பு. இவ்வாறு ஒருவர் நின்றிருந்தார். அடியேன் உள்ளே ஓடி, "தாத்தா, தாதன் வந்திருக்கான்" என்றேன்.

பாட்டனார் அப்போது வெளியூர் ஸ்வாமி ஒருவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. படி நிறைய அரிசி எடுத்துவரச் சொல்லி, அடியேன் கையாலேயே இடச் செய்தார். வந்தவர் கோவிந்த நாமம் சொல்லிப் போன பிறகு, எழுதி முடித்த கடிதத்தின் கடைசி வரியைக் காட்டிப் படிக்கச் சொன்னார். 'அடியேன் ராமாநுஜதாஸன்' என்று இருந்தது. "இந்த தாஸனுக்கும் நீ சொன்ன தாதனுக்கும் என்ன பேதம், சொல்லு" என்றார். "இது ஸம்ஸ்க்ருதம், அது தமிழ்" என்றேன். "எழுத்து மாறினால் மரியாதையும் மாறுமோ?" என்று கேட்டார்.

எழுபது வயதைக் கடந்த பின்னும் அந்தக் கேள்வி அடியேனை விட்டு நீங்கவில்லை. ஸ்ரீவைஷ்ணவன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் மிக உயர்ந்த பெயரும், வீதியில் இரந்து வருபவரை நாம் இழித்துச் சொல்லும் பெயரும் ஒரே சொல்லாக இருப்பது எங்ஙனம்? அச்சொல்லின் வடிவம், பிறப்பு, ஏற்றம், இறக்கம் ஆகியவற்றை முறையே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் வடிவம்

'தாதன்' என்பது 'தாஸன்' என்னும் வடசொல்லின் தற்பவம். வடமொழி ஸகரம் தமிழில் சகரமாகவும் தகரமாகவும் திரியும் என்பது நன்னூல் பதவியலில் வடமொழியாக்கம் கூறுமிடத்தில் பெறப்படும் விதி. மாஸம் 'மாதம்' ஆயிற்று. ரஸம் 'இரதம்' ஆயிற்று. மானஸம் 'மானதம்' ஆயிற்று. நம் ஆராய்ச்சிக்கு மிகவும் அணுக்கமான எடுத்துக்காட்டு 'தாபதன்' என்பது. தவசியைக் குறிக்கும் தாபஸ சப்தமே 'தாபதன்' எனத் திரிந்து பழந்தமிழ் நூல்களில் வழங்குகிறது. துறவியைக் குறிக்கும் சொல் சென்ற அதே தடத்தில் அடிமையைக் குறிக்கும் சொல்லும் சென்றது. இதில் இலக்கணத்துக்குப் புறம்பானது ஒன்றுமில்லை.

ஒலியொப்புமையால் மயங்காமலிருக்க இரண்டு சொற்களை விலக்கிவைக்க வேண்டும். தந்தையைக் குறிக்கும் 'தாதை' என்பது தாத சப்தத்திலிருந்து வந்தது. கொடுப்பவனைக் குறிக்கும் 'தாதா' என்பது தாத்ரு சப்தத்திலிருந்து வந்தது. இவ்விரண்டும் தாதனோடு ஒட்டா. வாசலில் நிற்பவர் தாதர், உள்ளிருந்து இடுபவர் தாதா என்று இரண்டு சொற்களும் எதிரெதிரே நிற்பது தற்செயலே.

தெலுங்கில் இச்சொல் 'தாஸரி' என்று வழங்குகிறது. கன்னடத்தில் 'தாஸரு' என்றும் 'தாஸய்ய' என்றும் வழங்குகிறது. தொண்டைநாட்டின் வடபகுதி தெலுங்கு நாட்டை ஒட்டியிருப்பதால் செங்கல்பட்டுச் சீமையில் 'தாதன்', 'தாசரி' என்னும் இரண்டு வடிவங்களும் ஒருங்கே வழங்கின. சைவ இரவலரை ஆண்டி, பண்டாரம் என்றும் வைணவ இரவலரைத் தாதர், தாசரி என்றும் பிரித்துச் சொல்வது ஊர்வழக்கு. ஆண்டியைக் கண்டால் லிங்கன் என்றும், தாதனைக் கண்டால் ரங்கன் என்றும் பேசும் இரட்டை நாக்குக்காரனைப் பற்றிய பழமொழியும் இப்பிரிவைக் காட்டும்.

தாஸ சப்தத்தின் பிறப்பு

ரிக்வேதத்தில் தாஸ சப்தம் பல இடங்களில் பகைவரைக் குறிக்கிறது. அதே வேதத்தில் திவோதாஸன் என்னும் அரசனுடைய பெயரும் உண்டு. பிற்காலத்தில் இச்சொல் அடிமை, ஏவலாள் என்னும் பொருளில் நிலைபெற்றது. பகைவரை வென்று அடிமை கொண்ட வழக்கமே இப்பொருள் மாற்றத்திற்குக் காரணம் என்பது அறிஞர் பலருடைய கருத்து.

அமரகோசம் ஏவலாளரின் பெயர்களை அடுக்குமிடத்தில் தாஸனோடு சேடகன், கிங்கரன், பரிசாரகன் முதலானோரையும் வைக்கிறது. இங்கே ஒன்றைக் கருத வேண்டும். 'என்ன செய்யட்டும்?' என்று கேட்டு நிற்பவன் கிங்கரன். அவனுடைய தன்மையே கைங்கர்யம். கோயிற்குடும்பத்தார் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கைங்கர்ய சப்தமும், வாசலில் நின்றவரைக் குறித்த தாத சப்தமும் நிகண்டில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. நிகண்டு செய்தவர் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை.

தாது கொண்டு பொருள் கூறும் சப்தகல்பத்ருமம் முதலிய கோசங்கள் கொடுத்தல் என்னும் பொருளுடைய தாதுவிலிருந்து இச்சொல்லை இருவிதமாக நிர்வசனம் செய்கின்றன. எவனுக்குக் கூலி கொடுக்கப்படுகிறதோ அவன் தாஸன் என்பது ஒன்று. எவன் தன் உடலைத் தலைவனுடைய பணிக்குக் கொடுக்கிறானோ அவன் தாஸன் என்பது மற்றொன்று. முதல் நிர்வசனப்படி தாஸன் பெறுபவன், இரண்டாவதன்படி கொடுப்பவன். வீதியில் வரும் தாதர் அரிசி பெறுபவர் என்பதை மட்டுமே நாம் காண்கிறோம். அவர் முதலில் தம்மையே கொடுத்துவிட்டவர் என்பதைச் சொல்லின் மற்றைப் பாதி கூறுகிறது.

இப்பிறப்பு ஆராய்ச்சியில் தெளிவாவது இது: தாஸன் என்னும் சொல்லில் இரத்தல் என்னும் பொருள் இல்லை. பிக்ஷு சப்தம் அவ்வாறானதன்று. இரத்தலைக் குறிக்கும் தாதுவின்மேல் உகர ப்ரத்யயம் சேர்ந்து அது உண்டாகிறது என்று பாணினி விதிக்கிறார். பிக்ஷு தொழிலால் பெயர் பெற்றவன். தாஸன் உறவால் பெயர் பெற்றவன். யார் உடைமை என்ற கேள்விக்கு விடையே தாஸ சப்தம். உறவுப்பெயர் தொழிற்பெயராக மாறியது எங்ஙனம் என்பதே இனி ஆராய வேண்டுவது.

இரண்டு தாழ்வுகளும் ஸ்ரீபாஷ்யகாரர் அளித்த விடையும்

தர்மசாஸ்த்ரங்களின் நோக்கில் தாஸனுடைய நிலையும் உயர்ந்ததன்று, இரப்பவனுடைய நிலையும் உயர்ந்ததன்று. மநுஸ்ம்ருதி நான்காம் அத்யாயத் தொடக்கத்தில் பிராமணனுடைய வாழ்க்கை வழிகளுக்குப் பெயரிடுகிறது. களத்திலும் வயலிலும் சிந்திய தானியத்தைப் பொறுக்கி வாழ்வதாகிய உஞ்சசிலம் 'ருதம்'. கேளாமல் வந்தது 'அம்ருதம்'. கேட்டுப் பெற்ற பிக்ஷை 'ம்ருதம்'. ஏவல்செய்து பிழைப்பதை அது நாயின் பிழைப்பு என்று பெயரிட்டு, விலக்கத்தக்கது என்கிறது. தமிழிலும் திருவள்ளுவர் இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இரத்தலின் இலக்கணத்தை ஒன்றிலும், அதற்கு அஞ்சுதலை மற்றொன்றிலும் கூறினார்.

அங்ஙனமாயின், பரமாத்மாவுக்கு அடிமைசெய்வதே ஜீவனுக்குப் பேரின்பம் என்று கூறும் நம் ஸித்தாந்தம் எங்ஙனம் பொருந்தும்? இவ்வாக்ஷேபத்தை எம்பெருமானார் வேதார்த்தஸங்க்ரஹத்தின் இறுதியில் தாமே எழுப்பி விடையளிக்கிறார். பிறர் வசப்பட்டது எல்லாம் துன்பமே என்ற ஸ்ம்ருதியையும், ஸேவையை நாய்ப்பிழைப்பு என்ற ஸ்ம்ருதியையும் எடுத்துக்கொண்டு, தான் இன்னான் என்று அறியாத தேஹாபிமானத்தால் வந்தது அந்தத் துன்பம் என்று காட்டுகிறார். ஸேவிக்கத் தகாதவரை ஸேவிப்பதே நாய்ப்பிழைப்பு. ஸேவிக்கத் தகுந்தவன் ஒருவனே, அவனுக்கு அடிமைப்படுவது இயல்பான இன்பம் என்பது அவருடைய நிர்வாஹத்தின் திரண்ட பொருள்.

இந்த ஒரு விடையால் தாஸ சப்தம் நிகண்டின் ஏவலாள் வரிசையிலிருந்து ஸித்தாந்தத்தின் நடுவே ஏறி அமர்ந்தது. அவ்வேற்றத்துக்குரிய நிலம் நம் செங்கல்பட்டுச் சீமையிலேயே இருப்பது நமக்குத் தனி உவகை. மதுராந்தகத்தில், ஏரிகாத்த ராமன் திருக்கோயிலில், மகிழமரத்தடியில் பெரியநம்பிகள் இளையாழ்வாருக்குப் பஞ்சஸம்ஸ்காரம் செய்தருளினார் என்பது குருபரம்பரை. தாபம், புண்ட்ரம், நாமம், மந்த்ரம், யாகம் என்னும் ஐந்தில் மூன்றாவதான நாமம் தாஸ்யநாமமே. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு ஸ்ரீவைஷ்ணவனும் ஆணாயினும் பெண்ணாயினும், எக்குலத்தவனாயினும், அவ்வைந்தினுள் ஒன்றாக 'ராமாநுஜதாஸ' நாமத்தைப் பெறுகிறான். ஏகாந்தியை ஊரையும் குலத்தையும் இட்டுச் சொல்லலாகாது, விஷ்ணுவை இட்டே சொல்ல வேண்டும் என்று பூர்வர்கள் எடுத்தாளும் வசனமும் இதற்கு அரண். ஊர் போய், குலம் போய், எஞ்சுவது தாஸத்வம் ஒன்றே.

ஏற்றுண்டு வாழ்ந்த பெரியோர்

உறவுப்பெயர் தொழிற்பெயராவதற்கு இங்கேதான் விதை விழுந்தது என்பது அடியேன் கருத்து. உடையவன் ஒருவன் உண்டானால் உடைமைக்குத் தனியே உடைமை இல்லை. தனக்கென்று ஒன்றுமில்லாதவன் உண்பது எதனை? அன்றன்று கிடைத்ததையே. ஆகவே தாஸத்வத்தை மெய்யாகக் கொண்டவர்களில் சிலர் மாதுகரத்தையும் உஞ்சவ்ருத்தியையும் வாழ்க்கையாகக் கொண்டார்கள். வண்டு பூவைக் கெடாமல் பல பூக்களிலும் சிறிது சிறிதாகத் தேன் கொள்வதுபோல், ஒரு வீட்டுக்கும் சுமையாகாமல் பல வீடுகளில் கொள்வது மாதுகரம். பௌத்தர்களுடைய தம்மபதத்திலும் முனிவன் ஊரில் திரிவதற்கு வண்டே உவமையாகிறது. இரவலருடைய நாணயத்துக்கு இதைவிடத் தகுந்த அளவுகோல் எந்த மதத்தாருக்கும் கிடைக்கவில்லை போலும்.

காஞ்சியை அடுத்த கூரத்தில் பெருஞ்செல்வராயிருந்த கூரத்தாழ்வான் அனைத்தையும் துறந்து திருவரங்கம் புறப்பட்டபோது, காட்டுவழியில் தேவிகளான ஆண்டாள் "பயம் உண்டோ?" என்று கேட்டதும், மடியில் ஏதேனும் இருந்தாலன்றோ பயம் என்று ஆழ்வான் கூறியதும், அவர் அமுதுசெய்வதற்காகக் கொண்டுவந்த பொன்வட்டிலை அவர் வாங்கி எறிந்ததும் அனைவரும் அறிந்தது. திருவரங்கத்தில் அவர் உஞ்சவ்ருத்தியால் வாழ்ந்தார். மழை விடாது பெய்த நாளில் பட்டினியும் கிடந்தார். அப்பட்டினிக்கு இரங்கிப் பெரியபெருமாள் அனுப்பிய ப்ரஸாதமே பட்டர்களின் அவதாரத்துக்குக் காரணம் என்று ஸம்ப்ரதாயத்தார் கொண்டாடுவர்.

காஞ்சித் தூப்புலில் அவதரித்த வேதாந்ததேசிகன் (1268–1369) உஞ்சவ்ருத்தியால் வாழ்ந்தவர். இட்ட அரிசியில் யாரோ பொற்காசுகளைக் கலந்துவிட, அவற்றைப் புழுக்கள் என்று தர்ப்பையால் தள்ளிய செய்தி பெரியோர் சொல்லக் கேட்பது. விஜயநகரத்து அரசவைக்கு வரும்படி வித்யாரண்யர் அழைத்தபோது, ஹஸ்திகிரியின்மேல் பிதாமஹ தனமாகப் பேரருளாளன் இருக்கையில் தமக்கு வேறு தனம் எதற்கு என்ற கருத்துடைய வைராக்யபஞ்சகத்தை விடையாக அனுப்பினார். இவரையும் கூரத்தாழ்வானையும் 'பிச்சையெடுத்தவர்கள்' என்று நாம் ஒருபோதும் சொல்வதில்லை. 'உஞ்சவ்ருத்தி செய்தருளினார்கள்' என்கிறோம்.

இந்த நெறி ஒரு நாட்டோடு நின்றதன்று. கன்னட நாட்டில் மாத்வ ஸம்ப்ரதாயத்து ஹரிதாஸர்கள் 'தாஸகூடம்' என்னும் பெயரோடு விளங்கினர். பெரும் வணிகராயிருந்து, செல்வம் அனைத்தையும் வழங்கிவிட்டுக் கையில் தம்புராவோடு வீதியில் பாடி மதுகர வ்ருத்தியால் வாழ்ந்த புரந்தரதாஸர் (1484–1564) அவர்களுள் தலைசிறந்தவர். திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகளும் உஞ்சவ்ருத்தியால் வாழ்ந்தவரே.

வீதியில் வந்த தாதர்

மேற்கூறியோர் அனைவரும் பெயர் பெற்ற பெரியோர். பெயர் அறியப்படாத தாதர்களோ ஊர் ஊராகச் சென்றவர்கள். சங்கு, சேகண்டி, கருடகம்பம் என்னும் விளக்குத்தண்டு, அரிசி ஏற்கும் செம்பு, கழுத்தில் அனுமன் உருவம் ஆகியவை அவர்களுடைய அடையாளங்கள். 1909-ஆம் ஆண்டு எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் தாசரிகளைத் தனித்தலைப்பில் கூறுகிறது. பிள்ளைப்பேறு இல்லாத செல்வர் ஒருவர், பிள்ளைகள் பிறந்தால் ஒருவனைப் பெருமாள் பணிக்கே தருவதாக நேர்ந்துகொண்டார்; அவ்வாறு தரப்பட்டவன் வழிவந்தோரே தாசரிகள் என்று அவர்களிடையே வழங்கிய வரலாற்றையும் அது குறிக்கிறது. இவ்வரலாறு நடந்ததோ இல்லையோ, அதில் பொதிந்துள்ள பொருள் மெய்யானது. அவர்கள் தங்களை வறுமையால் இரப்பவர்களாகக் கருதவில்லை; பெருமாளுக்குக் கொடுக்கப்பட்டவர்களாகவே கருதினார்கள். மேலே கண்ட இரண்டாவது நிர்வசனமும் இதுவே.

தாதர்களுக்குச் சடங்குகளில் உரிமையும் உண்டு. பல ஊர்களில் வைணவக் குடியானவர் இல்லங்களில் மங்கலத்துக்கும் அமங்கலத்துக்கும் தாதர் வந்து சங்கு ஊதினார்கள். கொங்குநாட்டுக் காரமடையில் அரங்கநாதர் தேர்த்திருவிழாவில் தாசர்கள் செய்யும் பந்தசேவை இன்றும் பலர் கண்டு வணங்குவது. வீதியில் இரந்தவர் திருவிழாவில் வணங்கப்படுகிறார்.

இன்னும் ஒன்று. புரட்டாசி மாதத்தில், திருவேங்கடமுடையானைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்களில் வசதியுடையோரும் செம்பில் திருமண் இட்டு, துளஸி சுற்றி, கோவிந்த நாமம் சொல்லி நாலு வீட்டில் அரிசி ஏற்று, அதைத் தளிகைக்கு வைக்கும் வழக்கம் செங்கல்பட்டுச் சீமை எங்கும் உண்டு. வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் இருப்பவர் ஏன் அயலார் வாசலில் நிற்க வேண்டும்? தன்னுடையது என்ற எண்ணத்தை அந்த ஒரு நாளாவது விடுவதற்காகவே. தாதர் ஆயுள் முழுதும் தாங்கிய விரதத்தைக் குடியானவர் ஆண்டுக்கு ஒருநாள் தாங்குகிறார்.

சொல் இறங்கிய வழி

இவ்வளவு பெருமையுடைய சொல் இழிசொல்லானது எங்ஙனம்? மூன்று படிகளை அடியேன் காண்கிறேன்.

முதற்படி, மேலே கூறியபடி உறவுப்பெயர் தொழிற்பெயரானது. இரண்டாவது, விரதம் பிறப்பானது. ஒருவன் தானே விரும்பி ஏற்ற நெறி அவன் மகனுக்கும் பேரனுக்கும் பிறப்பால் வந்தபோது, 'தாதன்' என்பது நெறியின் பெயராக இல்லாமல் குலத்தின் பெயராயிற்று. குலப்பெயரானதும், ஊர் எல்லாக் குலங்களையும் நிறுக்கும் தராசில் இதையும் வைத்து நிறுத்தது. ஊரும் குலமும் ஒழிவதற்காக இடப்பட்ட நாமமே ஒரு குலத்தின் பெயராக முடிந்தது காலத்தின் கோலம்.

மூன்றாவது படிக்குக் கற்றவர்களாகிய நாமே பொறுப்பு. ஒரே சொல்லுக்குத் தற்சமம் தற்பவம் என இரண்டு வடிவங்கள் இருக்கும்போது, தற்சமத்தை நமக்கும் தற்பவத்தைப் பிறருக்கும் பங்கிட்டோம். 'பிக்ஷை' என்பதும் 'பிச்சை' என்பதும் ஒரு சொல்லே. ஜீயர் ஸ்வாமிக்கு ஸமர்ப்பிப்பது பிக்ஷை. வாசலில் நிற்பவருக்கு இடுவது பிச்சை. 'தாஸன்' என்பதும் 'தாதன்' என்பதும் ஒரு சொல்லே. கடிதத்தின் அடியில் எழுதுவது தாஸன். வாசலில் வந்தவரைச் சொல்வது தாதன்.

இப்பங்கீடு தொன்மையானதன்று என்பதற்குத் திருப்பாவையே சான்று. அதன் இரண்டாம் பாட்டில் ஆண்டாள் ஐயம் என்றும் பிச்சை என்றும் இரண்டு கொடைகளைக் கூறுகிறாள். தகுதியுடைய பெரியோருக்குக் கொடுப்பது ஐயம் என்றும், ப்ரஹ்மசாரிகளுக்கும் ஸந்யாஸிகளுக்கும் இடுவது பிச்சை என்றும் வ்யாக்யாதாக்கள் பிரித்துக் காட்டுகின்றனர். ஆண்டாள் திருவாக்கிலும் வ்யாக்யாதாக்களின் காலத்திலும் 'பிச்சை' என்னும் தற்பவம் துறவியர்க்கு உரியதாகவே இருந்தது. இழிவு சொல்லின் பிறப்பில் இல்லை. பிற்காலத்தார் நாவில் ஏறியது. பொருட்சாலையைக் குறித்த 'பண்டாரம்' என்ற சொல்லும், வேற்றுநாட்டானை மட்டும் குறித்த 'பரதேசி' என்ற சொல்லும் இவ்வாறே இழிந்தன.

போலிகள் இல்லையோ என்று கேட்கலாம். உண்டு, என்றும் உண்டு. மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபஸு என்று மக்கள் சொல்லும் பெரிய பாறைச்சிற்பத்தில், ஒற்றைக்காலில் நின்று தவம்செய்யும் முனிவரைச் செதுக்கிய சிற்பி, கீழே முன்கால்களைத் தூக்கித் தவம்செய்யும் பூனையையும், அதை நம்பிச் சூழ்ந்த எலிகளையும் செதுக்கினான். பூனை நோன்புடைய வேஷதாரிக்குத் தண்ணீரும் கொடாதே என்பது மநுவின் கட்டளை. முதலாம் மஹேந்த்ரவர்மன் இயற்றிய மத்தவிலாஸ ப்ரஹஸனத்தில், கச்சி வீதியில் பிச்சைக்குரிய கபாலத்தைத் தொலைத்துவிட்ட காபாலிகன் ஒரு சாக்கிய பிக்ஷுவின்மேல் திருட்டுப்பழி சுமத்தி வழக்கிடுகிறான். முடிவில் அதைக் கொண்டுபோனது ஒரு நாய் என்று தெரிகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே இரவலரின் போலித்தனம் அரசனுடைய நகைப்புக்கு இலக்காயிற்று. ஆயினும் பூனையைச் செதுக்கிய சிற்பி முனிவரைச் செதுக்காமல் விடவில்லை. பாறையில் பெரிய இடம் முனிவருக்கே. போலி உண்டென்றால், போலிசெய்யத் தக்க மெய் ஒன்று முன்னே இருந்தது என்பதே பொருள்.

இரந்து நின்ற எம்பெருமான்

இரத்தலை இழிவென்று நினைக்கும் நெஞ்சுக்கு மருந்து கடல்மல்லையிலேயே இருக்கிறது. அவ்வூர் வராஹ மண்டபத்துச் சுவரில் த்ரிவிக்ரமன் ஓங்கி நிற்கிறான். அந்த ஓங்கிய திருவடிக்கு முன்னே மாவலியின் வேள்விச்சாலை வாசலில் மூவடி கேட்டு நின்ற குறள்மாணி ஒருவன் உண்டு. திருமார்பில் உறையும் பிராட்டியின் கடாக்ஷம் பட்டால் இரப்பதற்கு இடமின்றிப்போம் என்று, அவளை மான்தோலால் மறைத்துக்கொண்டு சென்றான் என்று பூர்வர்கள் அநுபவிப்பர். எல்லாம் உடையவன், இரப்பதற்காகத் தன் உடைமையை மறைத்துக்கொண்டான்.

மற்றொன்று தலசயனப்பெருமாளின் ஸ்தலபுராணம். புண்டரீக மஹரிஷி தாமரைமலர்களைத் திருப்பாற்கடல்நாதனுக்கு ஸமர்ப்பிக்க விரும்பி, குறுக்கே நின்ற கடலைக் கைகளால் இறைத்து வற்றச் செய்ய முற்பட்டார். அப்போது ஒரு முதியவர் வந்து, "பசிக்கிறது, உணவு கொண்டுவா. அதுவரை நான் இறைக்கிறேன்" என்றார். ரிஷி ஓடிப்போய் உணவோடு திரும்பியபோது, அம்மலர்களைச் சூடிக்கொண்டு எம்பெருமான் வெறுந்தரையில் கண்வளர்ந்தருளினான். ஆதிசேஷனாகிய படுக்கையும் இல்லை, தரையே படுக்கை. ஸ்தலசயனம் என்னும் திருநாமம் அதனால் வந்தது. முன்னாழ்வார்களுள் இரண்டாமவரான பூதத்தாழ்வார் அவதரித்த இத்திருப்பதியில், இரந்து வந்தவன் இன்னான் என்று ரிஷி முதலில் அறியவில்லை. அறியாமலேயே உணவுகொண்டுவர ஓடினார். அவர் வேஷத்தைச் சோதித்துக்கொண்டு நின்றிருந்தால் அந்தத் தரிசனம் கிடைத்திராது.

முடிவுரை

ஆராய்ந்த அளவில் தேறுவது இது: 'தாதர்' என்பதன் மூலப்பொருள் இரப்பவர் என்பதன்று, இறைவனுடைய உடைமையாக இருப்பவர் என்பதே. இரத்தல் அவ்வுறவிலிருந்து விளைந்த ஒழுக்கம். இழிவோ அவ்வொழுக்கத்தைக் குலமாக்கியதாலும், சொல்லைக் கற்றவர் இரண்டாகப் பங்கிட்டதாலும் பிற்காலத்தில் ஏறியது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. எங்கள் பக்கத்து ஊர்களில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சங்கொலி குறைந்துவிட்டது. தாதர் குடும்பத்துப் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்று நன்றாக வாழ்கிறார்கள், அது மகிழத்தக்கதே. ஆனால் அவர்களில் சிலர் தங்கள் பாட்டனார் கருடகம்பம் தாங்கியவர் என்பதைச் சொல்லக் கூசுவதை அடியேன் நேரில் கண்டிருக்கிறேன். அந்தக் கூச்சத்தை அவர்களுக்குக் கொடுத்தது நம் நாக்கு. வேதார்த்தஸங்க்ரஹம் கற்றவர்களுடைய வீட்டுத் திண்ணையிலேயே அச்சொல் இழிசொல்லாக ஒலித்ததென்றால், கற்ற குறை அவர்களுடையதன்று.

ஆகவே இவ்விதழைப் படிக்கும் ஸ்வாமிகளிடத்தில் ஒரு விண்ணப்பம். தங்கள் ஊர்களில் தாதர் வழிவந்த முதியோர் இருந்தால், அவர்கள் பாடிவந்த நாமாவளிகள், விளக்குக்கும் சங்குக்கும் செம்புக்கும் அவர்கள் இட்ட பெயர்கள், எந்த எந்த ஊர்களில் எந்த எந்த வீட்டுச் சடங்குகளில் உரிமை பெற்றிருந்தார்கள் என்பன ஆகியவற்றை உள்ளே அழைத்து உட்காரவைத்துக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஏடுகளில் இல்லாத ஸம்ப்ரதாயம் அவர்கள் நினைவில் இருக்கிறது. இன்னும் பத்தாண்டுகள் கழிந்தால் கேட்பதற்கும் ஆள் இராது, சொல்வதற்கும் ஆள் இராது.

அன்று அரிசி வாங்கிச் சென்றவருடைய பெயரை அடியேன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இக்கட்டுரையில் முதலில் அவர் பெயரையே எழுதியிருப்பேன். பாட்டனார் கேட்ட கேள்விக்கு அடியேன் தேடிய விடை இவ்வளவே. குற்றங்குறைகளைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

அடியேன்
ராமாநுஜதாஸன்